பொச்சால் தேய்த்த பானை

இன்று காலை மகன் ஒரு புதுத் தண்ணீர்ப் போத்தல் வாங்கி வந்தான். ‘நனோ வெள்ளிப் பூச்சு, கிருமி அண்டாது’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இதை எப்படிக் கழுவ வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா எனத் தேடினேன். எழுதவில்லை. “போத்தலக் கழுவுறதுக்கும் பாடம் வேணுமா உம்மா?” என்று சிரித்தான். “வேணும் மனே” என்றேன். அந்த நிமிடமே உன் நினைவு வந்துவிட்டது.

நாம் இருவரும் ஒரே வகுப்பில் இரசாயனவியல் படித்தவர்கள். நான் கல்முனையிலேயே விஞ்ஞான ரீச்சராகித் தங்கிவிட்டேன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த நீ கொழும்புக்குப் போய் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தாய். சுனாமி நம் கரையை வழித்துக்கொண்டு போனதும் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, ஒரு நிவாரண அமைப்பின் தண்ணீர்ப் பிரிவில் சேர்ந்தாய். கிணறுகளில் சேறும் உப்பும். பவுசர் வண்டியில் வந்த தண்ணீரையும் நம்ப முடியாது. கூடாரங்களில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். அப்போதுதான் அந்த வடிகட்டிகள் வந்து இறங்கின. பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு மண்பானை, அதன் உட்புறத்தில் கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்கள். ஊற்றிய தண்ணீர் பானையில் கசிந்து வாளிக்குள் இறங்கும், வெள்ளி கிருமியைக் கொல்லும். வயிற்றோட்டம் உண்மையாகவே குறைந்தது.

பானையைச் செய்தவர்களுக்கு எங்கள் பெண்களைத் தெரியாது. ஜும்ஆ நாளில் வீட்டு ஏனமெல்லாம் சாம்பல் போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கவிழ்க்காவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. வீடு போய்க் கூடாரத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பசீனா ராத்தாவின் கூடாரத்துக்கு நாம் போனபோது அவர் பானைக்குள் கையை விட்டு உரஞ்சிக்கொண்டிருந்தார். மூத்த பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர். மிச்சமிருந்த பெண் குழந்தை ஏணைத் தொட்டிலில் தூங்கியது. அதற்குப் பால்மா கரைக்கும் தண்ணீர் என்பதால் மற்றவர்களைவிட அழுத்தித் தேய்த்தார். கழுவிய தண்ணீர் கறுப்பாக வாய்க்காலுக்கு ஓடியது. நீ குந்தியிருந்து அதையே பார்த்தாய். “வெள்ளியும் இதோட கழண்டு போகுதுகா” என்றாய்.

“வெள்ளிக் காப்புப் போட்டு ஆரும் சாகல்லதானேகா” என்றேன் நான்.

“இது காப்பில்லகா. இவ்வளவு சின்னனாக்கினா அதே சாமான் வேற மாதிரி நடக்கும். உடம்புக்குள்ள எங்க போகும், வாய்க்காலுக்குள்ள என்ன செய்யும் எண்டு இன்னும் ஒருத்தரும் முழுசா அளந்து பாக்கல்ல.”

மாவடிப்பள்ளி வயல் வாய்க்காலில் நீர்ப்பூச்சிகளை அள்ளிவந்து, என் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஜாம் போத்தல்களில் விட்டாய். ஒன்றில் வடிகட்டிய குடிதண்ணீர், ஒன்றில் பானை தேய்த்த கறுப்புத் தண்ணீர். இன்னொன்றில் பூச்சில்லாத வெறும் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்த தண்ணீர். அது எதற்கு என்று கேட்டேன். “சாம்பலும் பூச்சியக் கொல்லும்கா. வெள்ளிக்கு மேல சும்மா பழி போடப்படா.”

மறுநாள் குடிதண்ணீரில் பூச்சிகள் துள்ளின. சாம்பல் தண்ணீரில் சில செத்து மிதந்தன. கறுப்புத் தண்ணீரில் ஒன்றும் அசையவில்லை. பானைகளையெல்லாம் உடைக்கச் சொல்ல வேண்டும் என்று நான் குதித்தேன். நீ பிடித்து இருத்தினாய். “பூச்சிக்கு ஆனது புள்ளைக்கும் ஆகுமெண்டில்ல. ஆகாதெண்டும் இல்ல. பானையப் பறிச்சா நாளைக்கே வயித்தோட்டம். அது தெரிஞ்ச ஆபத்து.”

உன் பொறுப்பாளரோ வாயே திறக்கக் கூடாது என்றார். சொன்னால் சனம் பயந்து பானையை எறிந்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும், பேசினால் வேலை இருக்காது என்றார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். நீ அன்று பின்னேரமே ராத்தாவிடம் போனாய்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஏணையைப் பார்த்தார். “என்ட புள்ளைக்கு ஏதும் ஆகுமா மிஸ்?”

“தெரியாது ராத்தா.”

நீ நிதானமாகத் தொடர்ந்தாய். “தெரிஞ்சதச் சொல்றன். இந்தத் தண்ணிய விட்டா வயித்தோட்டம் வரும். தேய்ச்சா பூச்சு கழரும். சாம்பல் வேணாம், பொச்சு வேணாம், மெல்ல அலசுங்க. அலசினதுக்குப் பிறகு இறங்குற முதல் வாளியப் புள்ளைக்குக் குடுக்காதீங்க. கழுவின தண்ணிய வாய்க்காலுக்கு ஊத்தாதீங்க. மிச்சம் தெரிஞ்சா வந்து சொல்லுவன்.”

ராத்தா ஏணையை மெல்ல ஆட்டிவிட்டார். பிறகு சொன்னார்: “கடல் வத்தி நிக்கக்குள்ள எல்லாரும் ஒண்டும் ஆகாது எண்டுதான் சொன்னாங்க. தெரியாதெண்டு சொன்ன முதல் ஆள் நீங்க. நீங்க சொல்ற மாதிரியே செய்றன்.” அவர் பொச்சை எடுத்து எறிந்தார். பக்கத்துக் கூடாரங்களும் கேட்டன. ஒருவரும் பானையை எறியவில்லை. பொறுப்பாளர் சில நாள் உனக்கு முகம் கொடுக்கவில்லை, வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. கூடாரம் கலைந்து ராத்தா வீடு கட்டிப் போன பிறகும் நீ விடாமல் அங்கே போய், “இன்னும் தெரியாது ராத்தா” என்று சொல்லிவிட்டு வந்தாய். ஒன்றும் இல்லை என்பதைச் சொல்ல ஒரு பயணமா என்று நான் உன்னைக் கேலி செய்வேன்.

யுத்தம் முடிந்த வருடம் நீ வார்ட்டில் கிடந்தாய். பிறவியிலேயே இருந்த இதயக் கோளாறு முற்றியிருந்தது. வெளியே வெடி கொளுத்தினார்கள். வந்தவர்களெல்லாம் இனி ஒன்றும் பயமில்லை என்றார்கள், நாட்டுக்கும் அதையே சொன்னார்கள், உனக்கும் அதையே சொன்னார்கள். அவர்கள் போனதும் நீ கேட்டாய்: “நான் தப்புவனாகா?”

என் நுனிநாக்கிலும் அதே பொய்தான் நின்றது. விழுங்கினேன். “தெரியாதுகா. நான் இஞ்சதான் இரிப்பன்.”

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். “இண்டைக்குத்தான் ஒருத்தி ஒழுங்காக் கதைக்கா.” ஒப்பரேஷனுக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

இப்போது அந்தத் துகள்கள் போத்தலுக்கும் காலுறைக்கும் வந்துவிட்டன. எனக்குக் கிடைக்கிற கட்டுரைகளை எல்லாம் வாசிக்கிறேன். சில கேள்விகளுக்குப் பதில் வந்திருக்கிறது, பலவற்றுக்கு இல்லை. போன மாதமும் பசீனா ராத்தா வீட்டுக்குப் போனேன். அன்று ஏணையில் கிடந்தவள் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி தந்தாள். குடித்து முடித்து, “மிச்சம் இன்னும் முழுசாத் தெரியாது ராத்தா” என்று உனக்காகச் சொல்லிவிட்டு வந்தேன்.