‘காரணம்’ என்ற கட்டத்தில் நீ எழுதியது

முந்தாநாள் ராசிபுரத்துக்குக் கதவு வாங்கப் போனேன். குளியலறையின் மரக்கதவு தண்ணீரில் ஊறி அடிப்பக்கம் இற்றுப்போய்விட்டது. ஃபைபர் கதவு போட்டுவிடலாம் என்று மகன் சொன்னான். கடைக்குப் பின்னால் கொட்டகையில் கதவு வார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கால் வைத்ததுமே ரெசின் வாடை மூக்கில் ஏறியது. "வாடை ஒத்துக்கலைன்னா முன்னால வந்து உக்காருங்கம்மா" என்றார் கடைக்காரர். நான் அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ இறந்து முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. கல்லறையில் அழாதவள், அந்தக் கொட்டகையில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாடைதான் கண்ணைக் கரிக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

உனக்குத் தெரியும், அது வாடை மட்டும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். நம் வகுப்பில் நாற்பது பையன்கள், அப்புறம் நீயும் நானும். மெக்கானிக்கல் படிக்க வந்த பெண்களைப் பார்க்க மற்ற வகுப்புகளிலிருந்து ஆள் வந்த காலம் அது. ஏதாவது ஒரு தொழிற்சாலையின் வேலைத்தளத்தில் நான்கு வாரம் பயிற்சி எடுத்ததாகச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் இறுதியாண்டுக்குப் போக முடியும். ஏழு கம்பெனிகளுக்கு எழுதினோம். "பெண்களுக்கு வசதி இல்லை" என்று நான்கு பேர் பதில் போட்டார்கள். மூன்று பேர் அதைக்கூடப் போடவில்லை. கடைசியில் வரச் சொன்னது ஓமலூர் ரோட்டில் இருந்த அந்தக் கார் கம்பெனி மட்டும்தான்.

கம்பெனி என்று பெரிதாகச் சொல்கிறேன். மூன்று தகரக் கொட்டகைகள். இரண்டு கதவு வைத்த சின்னக் கார். எஞ்சின் வெளியூரிலிருந்து வரும், உடம்பை மட்டும் ஃபைபரில் இங்கே வார்ப்பார்கள். ஒரு வாரத்தில் இரண்டாவது கார் வெளியே வந்துவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் டீயோடு வடை உண்டு. சேலத்தில் அதைச் சோப்பு டப்பா என்று கூப்பிட்டார்கள். யாராவது அப்படிச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். "உங்க ஊட்ல என்ன கார் நிக்குதுங்க?" என்று என் பேச்சை நக்கலடிக்கிற மாதிரியே திருப்பிக் கேட்பாய்.

விடுமுறையில் விடுதியை மூடிவிட்டதால் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உன் வீட்டிலிருந்துதான் நானும் போய்வந்தேன். அப்பா நாமகிரிப்பேட்டையிலிருந்து என்னை பஸ் ஏற்றிவிடும்போது சொன்னது இதுதான்: "ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கே பொட்டியக் கட்டீரோணும் சாமி." பெரியப்பா வீட்டில் எனக்கு மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தார்கள். பேச்சு வருமா என்று காத்துக்கொண்டிருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆண்களுக்கான கழிப்பறை கொட்டகைக்குப் பின்னாலேயே இருந்தது. பெண்களுக்கானது ஆபீஸ் கட்டடத்தில், உள் கேட்டைத் தாண்டி. வேலைத்தளத்தை விட்டு உள் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் சீட்டு எழுத வேண்டும். பெயர், நேரம், காரணம். சூப்பர்வைசர் பழனியப்பன் கையெழுத்துப் போட வேண்டும், வாட்ச்மேன் அதை நோட்டில் பதிய வேண்டும். நாம் என்ன செய்தோம்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினோம். மே மாதம், தகரக் கூரை, உடம்பெல்லாம் கண்ணாடி நார் ஒட்டி அரிக்கிறது. தாவணிக்கு மேலே காக்கிக் கோட்டு வேறு. காலையில் உன் அம்மா கொடுக்கும் காப்பிதான், அப்புறம் சாயங்காலம் வரை ஒரு சொட்டு உள்ளே போகாது.

நான்காம் நாள் எனக்கு நீர்க்கடுப்பு வந்து பஸ்ஸில் உட்கார முடியவில்லை. உன் காதில் சொன்னேன்.

"இதை ஏண்டி இத்தனை நாளா சொல்லல?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாய்.

"நீயுந்தான குடிக்கறதில்ல?"

"நான் லூசு. நீயாவது படிச்சவ மாதிரி நடந்துக்க வேணாமா?"

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பெரிய கூஜாவைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கார் உடம்பு வார்க்கும் அச்சுக்குப் பக்கத்து மேஜையில் டங்கென்று வைத்தாய். எனக்கொரு டம்ளர், உனக்கொரு டம்ளர். பத்தரை மணிக்குச் சீட்டுப் புத்தகத்தை வாங்கி, இரண்டு பேருக்கும் நீயே எழுதினாய். காரணம் என்ற கட்டத்தில், உன் முத்து முத்தான கையெழுத்தில், "சிறுநீர் கழிக்க".

பழனியப்பன் அதைப் படித்துவிட்டுக் காது வரை சிவந்தார். நல்ல மனுஷன், அவருக்கே இரண்டு பெண் பிள்ளைகள். "ஏனுங்க அம்மிணி, இதையெல்லாம் எழுதுவாங்களா? சொந்த வேலைன்னு போடுங்க" என்றார்.

"சொந்த வேலை இல்லைங்க சார். ஊருக்கே உள்ள வேலை" என்றாய் நீ.

அவர் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டரைக்கு மறுபடி போட்டார். மூன்று மணிக்கும் போட்டார். வாட்ச்மேன்தான் பாவம். முதல் வரியை மட்டும் எப்படியோ எழுதிவிட்டு, அதற்குக் கீழே "மேற்படி", "மேற்படி" என்று போட்டுக்கொண்டே போனார். இரண்டாம் வாரக் கடைசியில் அந்த நோட்டில் ஒரு பக்கம் முழுக்க மேற்படிதான். எனக்கு வெட்கத்தில் உயிர் போகும். சீட்டை நீ நீட்டும்போது நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். மேஜை மேல் நம் சீட்டுகளைச் சீட்டுக்கட்டு போல அடுக்கி வைத்திருந்தார். பழனியப்பன் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"இதெல்லாம் ஆடிட்டர் பாக்குற காகிதம்மா. திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டு பேரும் ஆபீஸ்ல உக்காந்து டிராயிங் டிரேஸ் பண்ணுங்க. ஃபேன் இருக்கு. சர்டிபிகேட்டும் தரேன்."

"வேலைத்தளத்துல நாலு வாரம்னு போட்டுத் தருவீங்களா சார்?" என்று நீ கேட்டாய்.

"அதெப்படி, பொய் எழுத முடியுமா?"

"அதான் சார். எங்களுக்கும் பொய் எழுத வரல."

அவர் உன்னை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். யார் இளைத்தவள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "உங்க அப்பா நாமகிரிப்பேட்டைதானே? இதையெல்லாம் ஒரு கவர்ல போட்டு அவருக்கு அனுப்பட்டுமா? பொண்ணு இங்க வந்து என்ன எழுதுதுன்னு பாக்கட்டும்."

என் படிப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன். உன்னைப் பார்த்தேன். வாய் ஓயாத நீ அந்த ஒரு தடவை வாயைத் திறக்கவில்லை. பிறகு கேட்டதற்கு, "உன் அப்பா, உன் படிப்பு. நான் எப்படிடீ பதில் சொல்றது?" என்றாய். அன்றைக்கு அந்த அறையில் அது எனக்குப் புரியவில்லை. கைவிட்டுவிட்டாய் என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் பழனியப்பனிடம் கையை நீட்டினேன்.

"சீட்டுப் புத்தகத்தைக் குடுங்க சார்."

நின்றபடியே எழுதினேன். பெயர், நேரம். காரணம் என்ற கட்டத்தில் நீ எழுதும் அதே இரண்டு வார்த்தைகள், என் கோணல் எழுத்தில். மேனேஜர் முன்னால் வைத்தேன்.

"அனுப்புங்க சார். இதையும் சேத்து அனுப்புங்க. அதுக்கு முன்னால கையெழுத்துப் போடுங்க, எனக்கு அவசரம்."

அவர் பழனியப்பனைப் பார்த்தார். பழனியப்பன் ஃபேனைப் பார்த்தார். கையெழுத்து விழுந்தது. வராந்தாவுக்கு வந்ததும் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாய். "சிரிக்காத, நெசமாவே அவசரம்டீ" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அவர் அனுப்புவதற்குள் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா களத்தில் மஞ்சள் காயப்போட்டிருந்தார். முழுவதையும் சொன்னேன், எழுதிய வார்த்தை உட்பட. அவர் மஞ்சளைக் காலால் கிளறிவிட்டார். பிறகு, "இப்பவாச்சும் தண்ணி குடிக்கறயா சாமி?" என்றார். அவ்வளவுதான். பெட்டியைக் கட்டச் சொல்லவில்லை. பெரியப்பா வீட்டுக் கல்யாணப் பேச்சை மட்டும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்.

திங்கட்கிழமை போனால், கொட்டகைக்குப் பின்னால் பெயிண்ட் டப்பாக்கள் கிடந்த அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். புதன்கிழமை பீங்கான் பதித்து, கதவு மாட்டி, பழனியப்பனே வந்து நம்மைக் கூட்டிப்போய்க் காட்டினார். "போதுங்களா அம்மிணி? இனிச் சீட்டு எழுத மாட்டீங்கல்ல?" நீ தாழ்ப்பாளை உள்பக்கமிருந்து போட்டுப் பார்த்துவிட்டு, "வாளி எங்கங்க சார்?" என்றாய். மீதி இரண்டு வாரம் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வேலை கற்றோம். மெழுகு தடவுவது, நார் விரிப்பது, காற்றுக்குமிழி இல்லாமல் உருளை ஓட்டுவது. ஒரு காரின் இடது கதவை முழுக்க முழுக்க நாம் இருவரே வார்த்தோம். சான்றிதழில் "வேலைத்தளத்தில் நான்கு வாரம்" என்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி நான்கு வருஷம்கூட ஓடவில்லை.

நீ நூல் மில்லில் பராமரிப்பு இன்ஜினீயரானாய், நான் பாலிடெக்னிக்கில் வாத்தியாரானேன். ஓய்வு பெறும் வரைக்கும், பெண் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன்னால் கம்பெனிக்கு போன் போட்டு அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவேன். எதிர்முனையில் இருமல் கேட்கும். பதில் வரும் வரை போனை வைக்க மாட்டேன்.

இப்போது உன் முப்பதாம் நாள் கதையைச் சொல்கிறேன், நீ இல்லாததால் உனக்குத் தெரியாது. திருப்பலி முடிந்து கோயில் மண்டபத்தில் ஆளுக்கொரு நினைவு அட்டை கொடுத்தார்கள். உன் தம்பி அச்சடித்தது. உன் படத்துக்குக் கீழே, "அமைதியே உருவானவர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர்". எனக்கு உச்சந்தலையில் சுருக்கென்றது. உன்னை இப்படிச் சலவை செய்து மடித்து வைப்பதற்கா நீ அறுபது வருஷம் வாழ்ந்தாய்? "ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்கக்கா" என்று உன் தம்பி மைக்கைக் கொடுத்தான். நல்லதாகத்தான் சொன்னேன். கூஜாவிலிருந்து தாழ்ப்பாள் வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல். யாரோ பெரியவர் கனைத்தார். உன் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் உட்கார்ந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். உன் மில்லில் வேலை பார்த்தவராம். "எங்க மில்லுலயும் அவிங்கதானுங்க கக்கூஸு கட்ட வெச்சாங்க. எதுத்துப் பேசமாட்டாங்களா? அவிங்க வாரது தெரிஞ்சா மேனேசரு அக்கட்டால போயிருவாருங்க" என்றார். மண்டபமே சிரித்தது. உன் மகள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

உன் தம்பி அதிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறான். முதலாண்டு நினைவுக்கு அட்டை அடிக்கும்போது வாசகம் நான்தான் எழுதுவேன் என்று உன் மகளிடம் சொல்லிவிட்டேன். "மாமா ஒத்துக்குவாரா ஆன்ட்டி?" என்று கேட்டாள். படம், பூ, சிலுவை எல்லாம் அவன் இஷ்டம் என்றேன். உன் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி இருக்கும்: எதிர்த்துப் பேசியவர்.