பின் சீட்டில் ஏறிய பை

ஜூன் 10

பக்ரீத் விடுமுறைக் கூட்டம் ஒருவழியாக மலையை விட்டு இறங்கிவிட்டது. நேற்று வரை எங்கள் ஒண்டிக்கடை முக்கில் கால் வைக்க இடமில்லை. இன்று கடையில் ஈ ஓட்டினேன். மிளகு, காப்பித்தூள் பாக்கெட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ரெக்சினை விரித்தேன். என் வீட்டுக்காரர் ஆசிக்கின் புல்லட்டுக்கு இரண்டு பக்கமும் தொங்கும் பைகள். ஒன்று முடிந்தது. சைலன்சர் பக்கத்துப் பை பாக்கி. அதைக் கொஞ்சம் குட்டையாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் உருகிவிடும்.

லடாக் வரைக்கும் போகிறோம். நாங்கள் ஒரு வண்டி, இவருடைய சிநேகிதர் பிரகாஷ் அண்ணன் ஒரு வண்டி. "நீ ரெண்டு சைடு பை தெச்சுக் குடுத்துட்டா சாமானெல்லாம் அதுல போயிரும். பின் சீட்டு உனக்குத்தான்" என்று இவர் நோன்பு மாதத்திலேயே சொல்லிவிட்டார். சரி, பேச்சு பேச்சுதான். தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 14

இந்தக் கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்கிறேன். லேடீஸ் சீட் இப்படி, பகோடா பாயிண்ட் அப்படி. இன்று ஒரு அம்மாள், "நீங்க எங்கெல்லாம் டூர் போயிருக்கீங்க?" என்று கேட்டார். சேலம் என்றேன், மலை இறங்கினால் வரும் ஊர். விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஜூன் 19

இன்று ஹாலில் எல்லாவற்றையும் பரப்பிக் கட்டிப் பார்த்தோம். கனமானது அடியில், அடிக்கடி எடுப்பது மேலே. இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரு பக்கமாக இழுக்குமாம். டியூப், ஸ்பானர், பிரேக் ஒயர், செயின் ஆயில் என்று அவர் எடுத்து வைக்க வைக்க வந்துகொண்டே இருந்தது. என்னுடையது இரண்டு சுடிதார், ஒரு ஸ்வெட்டர், துப்பட்டா, வாந்தி மாத்திரை. அவருடைய ஸ்பானர் பையளவுகூட இல்லை.

மாமியார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "போவக் கூடாது" என்பார் என்று நினைத்தேன். "தைரியமா போயிட்டு வா கண்ணு. கடையையும் ஷிரினையும் நான் பாத்துக்கறன். எனக்குத்தான் ஊட்ட உட்டு நவுரக் குடுத்து வெக்கல" என்றார். மகள் ஷிரின் மட்டும் தனக்குப் பனிக்கட்டி கொண்டுவரச் சொன்னாள்.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை. கடையை விட்டு நகர முடியவில்லை. அதனால் இவர் என் எடைக்கு ஒரு அரிசி மூட்டையைப் பின் சீட்டில் கட்டி மஞ்சக்குட்டை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வண்டி ஆடவில்லையாம்.

"மூட்டை உன்னாட்டம் வழி நெடுக பேசல. அது ஒரு சவுரியம்" என்றார்.

"சோறாக்கியும் போடாது" என்றேன்.

நன்றாகச் சிரித்தோம். ஆனாலும் மூட்டைமேல் கொஞ்சம் பொறாமைதான்.

ஜூன் 25

மழை. வண்டியை வேண்டுமென்றே வெளியில் நிறுத்தினோம். பைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஜூன் 27

பிரகாஷ் அண்ணன் மனைவி மோனிஷாவும் வருகிறாள். நல்லதாகப் போயிற்று. இரண்டு ஆம்பளைகள் வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது பேச்சுத்துணைக்கு ஆள்.

ஜூன் 29

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மத்தியானம் பிரகாஷ் அண்ணன் வந்தார். மோனிஷா ஏறிவிட்டால் அவர் வண்டியில் அவளுடைய பெரிய பைக்கு இடமில்லை. அதோடு கூடாரம் வேறு. "என்ன பண்றதுன்னே தெரியல ஆசிக்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்கள் வண்டியில் வை என்று கேட்கக்கூட இல்லை.

"அதுக்கென்ன, நம்ம வண்டில போட்டுக்கலாம்."

இவர்தான் சொன்னார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், தேநீர்த் தட்டோடு. நம்ம வண்டியில் எங்கே? இரண்டு பக்கமும் நான் தைத்த பைகள். முன்னால் டேங்க். மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம்.

அண்ணன் போன பிறகு இவர், "பாவம், அந்தப் பொண்ணு மொதோ தடவையா இத்தன தூரம் போவுது. நாம அடுத்த வருசம் போலாம்" என்றார்.

எனக்கு எத்தனாவது தடவையாம்? கேட்டிருக்க வேண்டும். கேக்கல. சரிங்க-ன்னு தலையாட்டிட்டு டம்ளரைக் கழுவப் போய்ட்டேன். என்ன பொறப்போ.

பின்னாலேயே வந்து இதையும் சொன்னார்: "அந்தப் பைக்கு மழைக்கு ஒரு உறை தெச்சிரு."

ஜூன் 30

தைத்தேன். ஒரு ஓரத்தைத் தையல் போடாமல் விட்டுவிடலாம், தண்ணீர் இறங்கட்டும் என்று வயிறு எரிந்தது. கை கேட்கவில்லை. இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

என் துணியை எடுத்துப் பீரோவில் வைத்தாயிற்று. அந்த இடத்தில் அவர் இன்னொரு ஜோடி ஷூவை வைத்துக்கொண்டார்.

ஜூலை 3

விடிந்ததும் கிளம்பினார்கள். மோனிஷாவின் பையை இவர் கட்டினால் சரிந்து சரிந்து வந்தது. கடைசியில் நான்தான் கட்டினேன். ரப்பர் கயிற்றைக் குறுக்கே இரண்டு சுற்று, அடியில் கொக்கி. நான் உட்கார வேண்டிய இடத்தில் அதை நானே அசையாமல் உட்கார வைத்து அனுப்பினேன்.

மாமியார் உள்ளேயே இருந்துகொண்டார். மகன் சலாம் சொன்னதற்கு வாய்க்குள்ளேயே பதில் சொன்னார்.

ஜூலை 5

போன். "ஜுர மாத்திரை எந்தப் பைல?" இடது பக்கம், மேலே, நீல டப்பா. வைத்துவிட்டார்.

ஜூலை 6

போன். "டார்ச் லைட் எங்க?" சொன்னேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

ஜூலை 7

நாக்பூரிலிருந்து பேசினார். மோனிஷாவால் உட்கார முடியவில்லையாம். முதுகு பிடித்துக்கொண்டு, இறங்கவே இரண்டு பேர் தாங்க வேண்டியிருக்கிறதாம். பையை எடுத்துக்கொண்டு விமானத்தில் திரும்புகிறாள்.

அப்படியென்றால் பின் சீட்டு காலி.

மானங்கெட்ட மனசு. டெல்லிக்கு வந்திரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"இப்பத்தான், அஃப்சானா, வண்டி லேசா இருக்குது. காத்தாட்டம் பறக்குது. நொம்ப சொகமா இருக்குது" என்றார்.

சந்தோஷமாகத்தான் சொன்னார். என்னைக் குத்த வேண்டும் என்றெல்லாம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. சீட்டு காலியானபோதுகூட நான் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அப்புறம் ரெயின்கோட் எந்தப் பையில் என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன். தெரியும்.

ஜூலை 11

மோனிஷா இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு மெல்ல நடந்து கடைக்கு வந்தாள். நாற்காலி போட்டேன்.

"அக்கா, உங்க முதுகு வலி எப்படி இருக்கு? வண்டில உக்கார முடியாதுன்னு நீங்க வரலையாமே. ஆசிக் அண்ணன் சொன்னாரு. எனக்கு இப்பத்தான் உங்க கஷ்டம் தெரியுது."

வலியா, எனக்கா. ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அடக்க முடியவில்லை.

"எனக்கு ஒரு வலியும் இல்ல மோனிஷா. உன் பைக்கு எடம் வேணும்னு என்னை எறக்கி உட்டுட்டாங்க."

அவள் முகம் செத்துவிட்டது. "சத்தியமா தெரியாதுக்கா. அந்தப் பைல பாதி சும்மா போட்டோ எடுக்கக் கொண்டுபோன துணி. கேட்டிருந்தா ஊட்லயே வெச்சிருப்பனே."

கேட்டிருந்தால். யாரும் யாரையும் கேட்கவில்லை. நானும்தான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பொய் சொன்னது ஒருத்தர்தான்.

ஜூலை 15

லடாக்கில் லே நகரிலிருந்து படங்கள் அனுப்பியிருக்கிறார். பார்க்கவில்லை. ஷிரின் பார்த்தாள்.

ஜூலை 30

வந்துவிட்டார். கறுத்து, இளைத்து, தாடியோடு. வாசலில் வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். பைகளை இறக்கி ஹாலில் வைத்துவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தார். நான் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தேன்.

எதிர்க்கடை தங்கராஜ் அண்ணன் கேட்டார்: "ஏனுங்க ஆசிக், அம்மணியையும் கூட்டிட்டுப் போறதா சொல்லிட்டிருந்தீங்க?"

"அதுக்கு முதுகு வலிங்க, அதான்..." என்று ஆரம்பித்து என் பக்கம் பார்த்தார்.

"முதுகு நல்லா இருக்குதுங்கண்ணா" என்றேன். "சாமானுக்கு எடம் பத்தலைன்னு என்னை உட்டுட்டுப் போய்ட்டாரு. அப்புறம் எடம் வந்துச்சு. அப்பவும் கூப்படல."

குரலை உயர்த்தவில்லை. தங்கராஜ் அண்ணன் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

இவர், எப்போதும் போல, "துணியெல்லாம் நாறுது. பையை அவுத்து ஊறப் போட்டுரு" என்றார்.

"இது நாங் கட்டி அனுப்புன சாமான் இல்லீங்க. நீங்களே அவுத்துக்குங்க."

தரையில் உட்கார்ந்து பையை இழுத்தார். எதையோ எங்கேயோ சொருகிக் கட்டியிருக்கிறார், முடிச்சு வரவில்லை. பல்லால் இழுத்துப் பார்த்தார். மாமியார் உதவிக்கு எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.