பிரித்துப் பார்க்கச் சொன்ன ரவிக்கை

மாமி,

அந்துருண்டை வாசனை எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. போன வாரம் உங்கள் மகள் செம்பூரிலிருந்து வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். திறந்ததும் குப்பென்று அதே வாசனை. தும்மிக்கொண்டே பார்த்தேன். உங்கள் கருநீல ரவிக்கை. முழங்கை வரை வரும் கை, முதுகை மூடிய கழுத்து, முன்பக்கம் கொக்கி. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்க வரும்போதெல்லாம் போட்டிருப்பீர்களே, அதேதான்.

"அம்மா இதை உங்களுக்குத்தான் குடுக்கணும்னு எடுத்து வெச்சிருந்தா, ஆன்ட்டி."

"எனக்கு எதுக்கும்மா? என் கையில பாதி கூட இதுக்குள்ள நுழையாதே."

"போட்டுக்க இல்லையாம். பிரிச்சுப் பாக்கட்டும்னு சொன்னா. அப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியுமாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிரித்துப் பார்ப்பது என்றால் நமக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆனால் எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள் என்பது மட்டும் எனக்கும் பிடிபடவில்லை. இருந்த காலத்தில் நேரில் சொல்லித் தொலைப்பதற்கென்ன? போன பிறகும் என் மண்டையைக் குடைய வேண்டுமா என்று அன்று முழுக்க உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. தாராவியில் எங்கள் தையல் கடை ஓரளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஆண்கள் சட்டை தைப்பார், ரவிக்கை எல்லாம் என் பொறுப்பு. எங்கள் தெருவில் எந்தத் தையல்காரரும் வாசலைப் பார்த்துத் துணி வெட்டமாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் வெட்டுவார். அளவு பார்த்து வெட்டிய காகித அச்சு அன்றைக்கே அடுப்புக்குப் போய்விடும். அடுத்த கடைக்காரன் பார்த்துவிட்டால் பிழைப்புப் போயிற்று என்று பயம். நானும் அப்படித்தான் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் உப்புக் கேட்டு வந்தால்கூடத் துணியை மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

கொக்கியும் நூலும் வாங்கச் சயானில் ரயிலேறித் தாதருக்குப் போவேன். பெண்கள் பெட்டியில் எனக்கு வேறு வேடிக்கை கிடையாது. யார் முதுகில் எந்தத் தையல் கோணல், யார் கை எங்கே இழுக்கிறது, இதுதான். மாட்டுங்காவில் ஏறுகிற ஆபீஸ் பெண்கள் மேலே தொங்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கை மேலே போனால் ரவிக்கையும் கூடவே மேலே ஏறும், உடனே இன்னொரு கையால் கீழே இழுத்துவிடுவார்கள். எல்லாரும் அதைச் செய்வார்கள். சில பெண்களுக்கு மட்டும் ரவிக்கை அசையவே அசையாது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒருத்தியிடம் கேட்டேவிட்டேன். "மாட்டுங்காவுல ஒரு மாமி தைக்கறா," என்று விலாசம் சொன்னாள்.

அடுத்த வாரமே ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டு உங்கள் வீட்டு மாடிப்படி ஏறினேன். எங்கள் தொழிலில் இது சகஜம்தானே. போட்டிக்காரரிடம் வாடிக்கைக்காரர் மாதிரி துணி கொடுத்துத் தைத்து வாங்குவது, வீட்டுக்கு வந்து தையலைப் பிரித்து உள்ளே என்ன வித்தை என்று பார்ப்பது. உங்களுக்கும் எனக்கும் இரண்டு மூன்று வயதுதான் வித்தியாசம் இருக்கும். ஆனால் ஒன்பது கஜப் புடவையில் நின்றவரை வேறு என்னவென்று கூப்பிடுவது? மாமி என்றேன், கடைசிவரை அதுவே நிலைத்துவிட்டது.

நீங்கள் அளவு நாடாவை என் இடுப்பில் சுற்றினீர்கள். சட்டென்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"நீ தையக்காரிதானே?"

"இல்லியே மாமி, யாரு சொன்னா?"

"கஸ்டமரா வர்றவா அளவெடுக்கறச்சே வயித்தை எக்கிப்பா. மூச்சை இழுத்துப் பிடிச்சுண்டு சிலையாட்டம் நிப்பா. நீ என்னடான்னா மூச்சை விட்டுட்டு, நான் சொல்றதுக்கு முன்னாடியே கையைத் தூக்கிண்டு நிக்கறே. பிரிச்சுப் பாக்கறதுக்குத்தானே வந்தே?"

விரட்டிவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அதுக்காக நல்ல துணியை ஏன் வீணடிக்கறே? இங்க வா, காட்டறேன்," என்று மிஷின் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். கையும் உடம்பும் சேருகிற இடத்தில், அக்குளுக்கு அடியில், துணியைக் குறுக்காக வெட்டிய ஒரு சின்னத் துண்டு. அவ்வளவுதான். கை மேலே போனால் அந்தத் துண்டு விரிந்துகொடுக்கும், ரவிக்கை இருந்த இடத்திலேயே இருக்கும். அடேயப்பா, இதைக் கண்டுபிடித்தவர் இப்படியா தெருவில் போகிறவளுக்கு எடுத்து நீட்டுவார்!

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர், "அந்த அம்மாவுக்குக் கிறுக்கு. இப்பிடிச் சொல்லிக் குடுத்தா நாளைக்குத் தெருவுக்கு நாலு பேரு தைப்பான்," என்றார். நானும் அதையே உங்களிடம் கேட்டேன். "ஏன் மாமி எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்லுதிய? உங்க பொழப்பு என்னாவுது?"

"எல்லாரும் கையைத் தூக்கட்டுமேடி. பம்பாயில இருக்கற அத்தனை பேருக்கும் நான் ஒருத்தியே தைக்க முடியுமா?"

சும்மா சொல்லக் கூடாது, நீங்கள் யாரிடமும் எதையும் ஒளிக்கவில்லை. மாஹிமிலிருந்து ஒரு மராத்திக்காரி வந்து கழுத்து வெட்டக் கற்றுக்கொண்டு போனாள். எதிர் வீட்டுக்காரி உங்கள் அச்சையே கேட்டு வாங்கிப் போய்ப் போட்டிக் கடை வைத்தாள். ஆனால் ஒன்று இருந்தது. எப்போதாவது ஒரு பெண், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தயங்கித் தயங்கி உள்ளே வருவாள். நீங்கள் அவளை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். அந்தத் துணியை யார் எதிரிலும் வெட்டமாட்டீர்கள். உள்துணி வைத்து நான்கு பக்கமும் மூடித் தைத்துவிடுவீர்கள். எட்டிப் பார்த்தால், "காபி ஆறிடும், குடி," என்பீர்கள். எனக்கு அந்தச் சாத்திய கதவின் மேல்தான் கண். ராத்திரி தூக்கத்தில்கூட அதை நினைத்துப் புரண்டிருக்கிறேன்.

அப்போதுதான் எங்கள் பக்கத்து மளிகைக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், நல்ல பெண், பளிச்சென்று இருப்பாள். ஒரு தோள் மட்டும் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும், சின்ன வயதில் வந்த காய்ச்சலால். மாப்பிள்ளைக்குத் தெரியும், அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பந்தலில் வந்து உட்காருகிற கூட்டம் விடுமா? அந்தப் பெண் என்னிடம் தனியாக வந்து, "அக்கா, மணவடையில உக்காந்திருக்கும்போது எல்லாரும் என் மொகத்தப் பாக்கணும்க்கா. தோளப் பாக்கக் கூடாது," என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தாழ்ந்த தோளில் பஞ்சை வைத்துத் தைத்தேன். நேராக நின்றால் சரியாக இருந்தது. மாலை போடுவது மாதிரி கையைத் தூக்கச் சொன்னேன். பஞ்சு நகர்ந்து கழுத்துப் பக்கம் கொழுக்கட்டையாக எழும்பி நின்றது. முன்னைக்கு இப்போது இன்னும் மோசம். அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஓடி வந்தேன் உங்களிடம். கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் தைப்பது இதுதான் என்று எனக்கு அதற்குள் ஊகம் வந்திருந்தது. "மாமி, இதுக்கு என்ன வழின்னு சொல்லித் தாங்க," என்றேன்.

"பொண்ணை அழைச்சுண்டு வா. நான் தைச்சுத் தரேன். உன் கடையில தைச்சதுன்னே சொல்லிக்கோ. ஆனா எப்படின்னு மட்டும் கேக்காதே."

"ஏன், எனக்குச் சொல்ல மாட்டியளா?"

"மாட்டேன்."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "எல்லாருக்கும் சும்மா கிடைக்கிற சரக்க அள்ளி வீசிட்டு, அசலப் பூட்டி வச்சிக்கிட்டியளாக்கும்! தாராவிக்காரிக்கு இது போதும்னு நெனச்சிட்டிய!" என்று கத்திவிட்டு இறங்கினேன். மறுநாளே அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு திரும்பவும் படியேறினேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ரவிக்கை தயாரானதும் என் கையில்கூடத் தரவில்லை நீங்கள். மடித்து நேராக அவள் பையில் வைத்தீர்கள்.

கல்யாணத்தன்று நான் முன்வரிசையில் உட்கார்ந்து அவள் தோளையே பார்த்தேன். எல்லாம் தெரிந்த எனக்கே தெரியவில்லை, மாமி! மாலை மாற்றும்போது கையைத் தூக்கினாள், எதுவும் நகரவில்லை. பெண்ணின் சித்தி என்னிடம் வந்து, "சிரிச்ச மொகம் என்னா அழகு," என்றாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, உங்கள் மேல் கோபமும் கூடியது.

பல மாதம் மாட்டுங்காப் பக்கமே தலைகாட்டவில்லை. பிறகு ஒருநாள் ரயிலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். எதிரே பிடியைப் பிடித்து நின்றிருந்தவளை ஒருத்தி கண்ணால் காட்டி, "அந்தக் கைக்குக் கீழே துண்டு தெரியறது பார். மாமி தையல்," என்றாள். இன்னொருத்தி, "எங்காத்துப் பக்கத்துல தைக்கறவளும் இப்போ இதைத்தான் வெக்கறா," என்றாள். நானும் பார்த்தேன். பெட்டியில் பாதிப் பேர் கைக்கு அடியில் அந்தத் துண்டு. ஊருக்கே தெரிந்த தையல் ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்கிறார்கள்.

சட்டென்று அந்தக் கல்யாணப் பெண்ணின் தோள் ஞாபகம் வந்தது. தாதரில் இறங்க வேண்டியவள் மாட்டுங்காவிலேயே இறங்கி உங்கள் படியேறினேன். நீங்கள் கதவைத் திறந்து, "வா, உக்காரு," என்றீர்கள், நேற்றுத்தான் போனவளிடம் சொல்வது மாதிரி.

"மாமி, அந்தத் தோள் தையல் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"ம்... இப்பதான் வழிக்கு வந்தே," என்றீர்கள். "கையைத் தூக்கறது எல்லாருக்கும் உள்ளது. அதை ஊரெல்லாம் சொன்னேன். இது சில பேருக்கு மட்டும் உள்ளது. தையல் தெரிஞ்சுட்டா, தையலைப் பாத்தே ஆளைக் கண்டுபிடிச்சுடுவா. அந்தக் கல்யாணப் பொண்ணை நோக்குத் தெரியும், சரி. எங்கிட்ட வந்துட்டுப் போன மத்தவாளை நீ ரயில்ல பாத்தா என்ன பண்ணுவே?"

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"வாய் சொல்லாது. உன் கண்ணு சும்மா இருக்காதேடி."

நானும் சிரித்துவிட்டேன். என் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அந்த மாதிரி யாராவது என் கடைக்கு வந்தால் உங்களிடம் அழைத்து வருவேன், படிக்கட்டிலேயே நின்றுகொள்வேன்.

இனி உங்கள் நீல ரவிக்கைக்கு வருகிறேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிளேடால் உள்துணியின் ஓரத்தைப் பிரித்தேன். உங்கள் பொடித் தையல், பிரிக்க அரைப்பொழுது ஆகிவிட்டது. உள்ளே இருந்ததைப் பார்த்தேன். இவ்வளவு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட அந்த வித்தை முழுக்க என் கையில் இருந்தது. ஆகா, இப்படியா என்று ஒரு நிமிஷம் துள்ளினேன். அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. இது யாருக்கோ தைத்தது இல்லையே. இது உங்கள் ரவிக்கை.

எத்தனை தடவை உங்கள் ஊஞ்சலில் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்திருப்பேன். மார்க்கெட்டில் உங்கள் பின்னாலேயே பை தூக்கி நடந்திருப்பேன். ஊரில் உள்ளவர்கள் முதுகையெல்லாம் அளந்த என் கண்ணுக்கு உங்கள் தோள் தெரியவே இல்லை. நான் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத்தான் பார்த்தேன். அந்தக் கல்யாணப் பெண் கேட்டது உங்களுக்கும் வேண்டியிருந்திருக்கிறது. ரவிக்கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன், அந்துருண்டைத் தும்மலோடு.

நீங்கள் இருக்கும்வரை என் கண்ணை நம்பவில்லை. போன பிறகு என் கையை நம்பிக் கொடுத்திருக்கிறீர்கள். அது போதும் எனக்கு.

பழைய ஊசித் துளைகளிலேயே ஊசி விட்டு மறுபடி மூடித் தைத்துவிட்டேன். நேற்றுச் சயானிலிருந்து ஒரு அம்மா மகளோடு கடைக்கு வந்தாள். பெண் துப்பட்டாவை ஒரு பக்கமாக இழுத்துப் போர்த்தியிருந்தாள், வாசலைத் தாண்டாமல் நின்றாள். நான் உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே வந்ததும் என் மருமகள் பிடித்துக்கொண்டாள். இப்போது கடை அவள் கையில்தான்.

"எதுக்கு அத்தை கதவ அடச்சிய? அந்த நீல ஜாக்கெட்டுல அப்பிடி என்னதான் இருக்கு? யாரோடது அது?"

"மாட்டுங்காவுல ஒரு மாமியோடது. காபி ஆறிரும், குடி."

"மாட்டுங்காவுல மாமிக்கா பஞ்சம்? எந்த மாமி?"

கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும். அன்று நான் உங்கள் படியேறி வந்த மாதிரி, ஒருநாள் அவளும் புரிந்துகொண்டு என்னிடம் வருவாள். இந்த மடலை அவள் எடுத்துப் படித்தாலும் படிப்பாள், மூக்கை நுழைப்பதில் அவள் எனக்கு மேலே. அதனால்தான், மாமி, உங்கள் பெயரை எங்கேயும் எழுதவில்லை. எந்தத் தோள் என்றும் எழுதவில்லை.