தொட்டியில் தேங்கிய தண்ணீர்

அக்கா,

இன்று காலையில் சாயம் போட்ட சேலையைத் திருப்பிப் போட்டு இஸ்திரி தேய்த்தேன். சூட்டில் சாயம் துணியோடு ஒட்டும்போது ஒரு வாசனை வருமே, பாலும் மெழுகும் கலந்த மாதிரி, அது வந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே நின்றேன். பின்னால் நீங்க நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவீங்க.

அண்ணனுக்கு நீங்க, தம்பிக்கு நான் என்று ஒரே வீட்டுக்கு வாழ வந்தோம். அண்ணன் துபாயில், தம்பி சிங்கப்பூரில், வீட்டில் நாம் இரண்டு பேர். உங்க வீட்டுக்காரர் பெரியத்தான் துபாயில் கார்க் கதவில் படம் வரைகிற கடையில் இருந்தார். ஊருக்கு வந்த ஒருத்தரிடம், காற்றில் சாயம் தெளிக்கிற பேனா ஒன்றைக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு சீட்டு. "நீ கோலத்துல போடுற பூவை இதால சேலையில போட்டுப் பாரு. காத்துக்கு அங்கேயே ஏதாவது பண்ணிக்க."

காற்றுக்கு என்ன பண்ணுவது? டயர் கடையில் பழைய கார் சக்கரம் ஒன்றை வாங்கி, அது கல்லு மாதிரி ஆகிறவரைக்கும் காற்றடைத்து, வாய்க்கால் கரையோடு உருட்டிக்கொண்டு வந்தோம். இரண்டு பக்கமும் புது நடவு. வயல் தண்ணீரில் மேகம் நகர்ந்தது. சக்கரமும் நாமும் மேகத்துக்கு நடுவில் போகிற மாதிரி எனக்கு இப்போதும் கனவு வரும். களை பறித்தவர்கள் நிமிர்ந்து, "என்னங்க, கார் பின்னால வருதா?" என்றார்கள்.

"முன்னால போயிடுச்சு. புடிக்கத்தான் ஓடுறோம்" என்றீங்க.

சக்கரத்துக் காற்றில் பேனாவை மாட்டியதும் முதல் பூ புகை மாதிரி மெத்தென்று விழுந்தது. மூன்றாவது பூவிலேயே காற்று இறங்கி, சாயம் ரவை ரவையாய் உதிர்ந்தது. மறுபடி சக்கரம், மறுபடி கரை. ஒரு மாதம் உருட்டினோம்.

பிறகுதான் காற்றடிக்கிற மெஷின் வாங்க தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர் ஆளுயரத்தில் சிவப்பாய் ஒரு கம்ப்ரசரைக் காட்டினார். "எனக்கு பஞ்சர் கடை வைக்கிற உத்தேசம் இல்லைங்க" என்றீங்க. அப்புறம் கையடக்கமாய் ஒன்று. நீங்க பையிலிருந்து பேனாவை எடுத்து அதிலேயே மாட்டச் சொல்லி, உள்ளங்கையில் காற்றைப் பிடித்துப் பார்த்தீங்க. "இது விட்டு விட்டு வருது. தொட்டி இல்ல பாருங்க, மூச்சு வாங்குது." கடைசியில் சின்னத் தொட்டி, காற்றைக் கூட்டிக் குறைக்கிற திருகு, முள், ஈரத்தைப் பிடிக்கிற கண்ணாடிக் குப்பி எல்லாம் இருந்த ஒன்று அமைந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தீங்க. கண்டக்டர், "புள்ளைக்கு அரை டிக்கெட்டா?" என்றார். நீங்க சிரிக்கவே இல்லை. அவ்வளவு பத்திரம்.

நான் காற்றை இருபது பவுண்டில் வைத்தால் பேனாவை அழுத்தியதும் முள் பதினைந்துக்கு இறங்கிவிடும். முள் பொய் சொல்லுது என்பேன். "அழுத்திக்கிட்டே முள்ளைப் பாருடி. சும்மா நிக்கிறப்ப எல்லாரும் நல்லவங்கதான்" என்பீங்க. அதிகமானால் சாயம் சிலந்திக் காலாய் ஓடும், குறைந்தால் ரவையாகும். நடுவில் ஒரு இடம் உண்டு. அங்கே வந்ததும் பேனாவின் சத்தமே மாறும், காதுக்குள் யாரோ "ம்" கொட்டுகிற மாதிரி.

அந்தக் கார்த்திகையில் கும்பகோணத்துக் கடைக்காரர் ஒருவர் மாதிரிக்கு ஒரு பட்டுச்சேலை கேட்டார். பிடித்தால் மாதாமாதம் வேலை. பெரியத்தானுக்கு அந்த வாரம்தான் துபாய் வேலைக்கு இன்னும் மூன்று வருஷத்துக்கு மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். "கும்பகோணத்துக் கடையில சரின்னு சொல்லிட்டா நான் போடாம வந்துடறேன்" என்று டெலிபோன் பூத்துக்கு போன் பண்ணிச் சொன்னார். நீங்க வெளியே வந்து, "ஏண்டி, அவரு வந்தா எங்க படுக்கிறது? கட்டில் பூரா சேலையா கிடக்கே" என்றீங்க.

தொட்டிக்கு அடியில் ஒரு குழாய் உண்டு. அடைமழைக் காலத்துக் காற்றில் பாதி தண்ணீர்தான். சாயங்காலம் ஆனால் அதைத் திறந்து வடிக்க வேண்டும். அது என் வேலை. அந்த இரண்டு நாளும் நான் வடிக்கவில்லை அக்கா. சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்திருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் படிக்க ஒரு சாயங்காலம் ஆகும். அதிலேயே கிடந்தேன்.

முந்தானையில் கடைசி அல்லிப்பூ. குப்பி நிரம்பி, பேனா வழியாகத் தண்ணீர் பொத்தென்று துப்பியது. பூ கண்ணெதிரே கலங்கி ஓடியது. நீங்க குனிந்து குழாயைத் திறந்தீங்க. அரை செம்புத் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்தீங்க, என்னைப் பார்த்தீங்க.

மேலே இன்னொரு பூ போட்டு மறைத்தோம். கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பூத்தில் நான் கதவோரம் நின்றேன். "மழைங்க. சாயம் காயல. யாரு என்ன பண்ண முடியும்?" என்று போனில் பெரியத்தானிடம் சொன்னீங்க.

அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் வருஷம் காய்ச்சலில் நீங்க போனீங்க. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது ஊரோடு வந்துவிட்டார். மழை பிடித்தால் சம்பா பிழைத்தது என்று ஊரே சந்தோஷப்படும். அவர் மட்டும் வாசலில் நின்று திட்டுவார். "இந்தச் சனியன் அன்னைக்கு ரெண்டு நாள் பொறுத்திருந்தா அவகூட இருந்திருப்பேம்மா" என்பார். நான் தலையை ஆட்டுவேன். தொட்டி விஷயம் எத்தனையோ தடவை வாய்வரைக்கும் வந்திருக்கிறது. சொன்னால் உங்களைப் பொய்க்காரி ஆக்கினதாகும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். பயம்தான் அக்கா, வேறொன்றுமில்லை. எனக்காக நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு அடியில் இத்தனை வருஷமாய் நனையாமல் நிற்கிறேன். வெளியே அந்த மனுஷர் மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.