என் முகத்தில் நின்ற மாஸ்க்

அன்புள்ள மகள் சுதர்ஷினிக்கு, அப்பா எழுதுவது. தண்ணீர்மலையான் முருகன் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அவளுடைய முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே அறிவிப்புக் கொடுத்துவிடுகிறது. நீயும் தவாவில் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய். ஆனால் டெங்கிக் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் இதே குரலில்தான் சுகம் என்றாய், அதனால் அந்தக் குரலை நான் முழுதாக நம்புவதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், படித்தாயா இல்லையா என்று யாருக்குத் தெரியும். அதனால்தான் காகிதத்தில் எழுதி இந்தப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் உன் முகம் வாடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கடலுக்குள் இறங்குவதற்கான முழு செட்டும் வருகிறது என்று உன்னோடு வேலை பார்க்கும் டீச்சர்மாரிடமெல்லாம் சொல்லி வைத்திருப்பாய். வந்திருப்பது கண்ணையும் மூக்கையும் மூடும் ஒரே ஒரு மாஸ்க். விடுமுறைக்கு நீ செம்போர்னா கடலில் இறங்குவதற்குள் இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துவிடு. கோபப்படுவதானால் படித்து முடித்த பிறகு கோபப்படு.

கெப்பாலா பத்தாஸில் இருக்கும் புவனேஸ்வரனை உனக்கு நினைவிருக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுப்பாரே, உயரமாக, எப்போதும் வெற்றிலை போட்டுக்கொண்டு, அவர்தான். கோயிலில் அவரைப் பார்த்தபோது, என் மகள் கடலுக்கு அடியில் போகப் பழகுகிறாள் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அவர் உடனே, அண்ணே, நான் காது வலியால அதை விட்டுட்டேன், என் சாமான் எல்லாம் வீட்டுல சும்மாதான் கிடக்கு, புள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கலா என்றார். நான் பட்டர்வொர்த் துறைமுகத்தில் சுங்கத்தில் வேலை பார்த்தவன். சும்மா கிடக்கிறது என்று ஒருவன் சொன்னால், ஏன் சும்மா கிடக்கிறது என்றுதான் என் புத்தி முதலில் கேட்கும். எந்தக் காது, எந்த டாக்டர், ஊசி போட்டாரா மாத்திரை கொடுத்தாரா என்று எல்லாம் கேட்டேன், மனிதர் சளைக்காமல் பதில் சொன்னார். அவர் வீட்டுக்கே போய் நீச்சல் உடையை முகர்ந்து பார்த்தேன். காலில் மாட்டும் ஃபின்னை வளைத்துப் பார்த்தேன். தண்ணீருக்குள் மிதக்க உதவும் அந்தக் காற்று ஜாக்கெட்டை வாயால் ஊதிவிட்டு, காற்று இறங்குகிறதா என்று பார்க்க அவர் வீட்டில் இரண்டு தேநீர் குடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா பக்கத்திலிருந்து என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள், நல்ல மனுசனைக் குற்றவாளி மாதிரி விசாரிக்கிறீங்களே என்று காரில் வரும்போது ஒரே பாட்டு.

ஒரு இடத்தில் மட்டும் என் சந்தேகம் படுத்துத் தூங்கிவிட்டது. அவர் வீட்டுக் கூடத்தில் ஆளுயர முருகன் படம், அதற்கு முன்னால் அணையாத விளக்கு, அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே காலத்தில் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி வேலை. விலையைக் கேட்டால், புள்ளை முதல்ல போட்டுப் பார்க்கட்டும், காசு பிறகு பேசலாம் என்கிறார். காசே கேட்காதவனை எப்படிச் சந்தேகப்படுவது சொல். வாயில் வைத்து மூச்சு விடும் அந்த ரெகுலேட்டரை மட்டும் நான் திறந்து பார்க்கவே இல்லை. உன் உயிரே அதில்தான் இருக்கிறது, அதைப் போய் மரியாதைக்கு விட்டுவிட்டேன். நம் ஆள், கோயில் ஆள் என்றால் நம் எல்லோருக்குமே கண்ணில் ஒரு திரை விழுந்துவிடுகிறது. சுதா, நீயும் அப்படித்தான், பார்த்துக்கொள்.

சாமான் வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சும்மா இருப்பாளா. புதுக் கார் வாங்கினால் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழத்தை நசுக்குவதில்லையா, அந்த மாதிரி எல்லாவற்றையும் பூசை அறையில் பரப்பிவிட்டாள். ஜாக்கெட்டுக்கு ஒரு பொட்டு, ஃபின் இரண்டுக்கும் ஆளுக்கொரு பொட்டு. அதோடு விட்டாளா. மகள் மூச்சு போகிற வழி இதுதானே என்று, ரெகுலேட்டரைக் காற்றுச் சிலிண்டரில் மாட்டும் பக்கத்திலிருக்கும் கறுப்பு மூடியைக் கழற்றி உள்ளேயும் ஒரு சிட்டிகை விபூதியைப் போட்டு மூடியிருக்கிறாள். சாப்பிடும்போது பெருமையாகச் சொல்கிறாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. சாம்பல் மகளின் நெஞ்சுக்குள் போனால் என்ன ஆவது என்று மறுநாள் கடை திறக்கும் முன்பே உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இந்தச் சாமான்களைப் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. நடத்துவது சியூ லிங் என்ற சீனப் பெண், உன் வயதுதான் இருக்கும். விபூதி விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, பிரஷ்ஷால் தூளைத் தட்டினாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கை இழுத்துக் காட்டினாள். காற்று உள்ளே நுழையும் துளையில் இருக்கும் சின்ன உலோக வடிகட்டி வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டுமாம், இது பச்சையாக இருந்தது. அங்கிள், உள்ளே உப்புத் தண்ணீர் புகுந்து அரித்திருக்கிறது, நாள்பட்டது, இதை உங்கள் மகள் வாயில் வைக்கக்கூடாது என்றாள். குழாயின் மேலிருந்த ரப்பர் உறையைத் தள்ளிக் காட்டினாள், அடியில் வெடிப்பு. எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா, இவள் கடையில் புதுசு விற்கிறாள், பழசைக் குறை சொல்லாமல் என்ன செய்வாள் என்று. கிழவன் ஏமாறுவான் என்று பார்க்கிறாள் என்றே நினைத்தேன். சரி, புதுசு ஒன்று காட்டு என்று வேண்டுமென்றே கேட்டேன். அவள் எடுக்கவே இல்லை. இப்போதுதான் பழகுகிறாள் என்றால் ரெகுலேட்டரும் ஜாக்கெட்டும் அங்கேயே ஒழுங்காகச் சர்வீஸ் செய்கிற இடத்தில் வாடகைக்கு எடுக்கட்டும், பல தரம் இறங்கித் தனக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு வாங்கட்டும், முதலில் மாஸ்க் மட்டும் சொந்தமாக இருந்தால் போதும் என்றாள். விற்க மறுக்கும் கடைக்காரியைச் சுங்கத்தில்கூட நான் பார்த்ததில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சந்தேகத்தோடேயே நேராகக் கெப்பாலா பத்தாசுக்குப் போனோம். புவனேஸ்வரன் பச்சையைப் பார்த்துவிட்டு, அக்கா விபூதி போட்டாங்கல்ல, அதுனாலதான்லா அண்ணே என்றார். உன் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. என் விபூதி ஒரே ராத்திரியில உலோகத்தைத் தின்னுதுன்னா, என் பூசை அறையில ஒரு செம்பு மிச்சம் இருக்குமா தம்பி என்று அமைதியாகத்தான் கேட்டாள். நான் அதற்கு மேல் விசாரணை வைக்கவில்லை. அவருடைய மகள் பிரமிளா கூடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ வேலை செய்துகொண்டிருந்தாள். நாளைக்குக் காலையில் பிரமிளா இதை வாயில் வைத்துக்கொண்டு கடலில் இறங்கட்டும், நீங்கள் கரையில் நின்று பாருங்கள், சம்மதமா தம்பி என்று கேட்டேன். மனிதர் மகளைப் பார்த்தார், முருகன் படத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கடைசியாக இறங்கினப்போ மூச்சு இழுக்கவே கஷ்டமா இருந்துச்சு அண்ணே, அதுனாலதான் பயந்து இறங்குறதையே விட்டுட்டேன் என்றார். காது வலியெல்லாம் கதை. சாமானை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம், அடுத்த தைப்பூசத்துக்கு அவர் கையால் மோர் வாங்கிக் குடிக்க எனக்கு மனம் வராது.

அப்பாவுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீ கேலி செய்வாய். செய்துகொள். இந்தத் தடவை நான் போதுமான அளவு சந்தேகப்படவில்லை என்பதுதான் என் வருத்தம். அங்கே வாடகைக்கு எடுக்கும்போது எப்போது சர்வீஸ் செய்தீர்கள் என்று கேள், கேட்டால் முகம் சுளிக்கிறவனிடம் எடுக்காதே. இறங்குவதற்கு முன் படகிலேயே அதன் வழியாக மூச்சு இழுத்து விட்டுப் பார், ருசியோ வாசனையோ வித்தியாசமாக இருந்தால் வெட்கப்படாமல் திருப்பிக் கொடு. கூட்டாளிகள் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்படாதே. உன்னோடு இறங்குகிறவனும் நல்ல பையன் என்று நீ சொல்கிறாய், இருக்கட்டும், நல்ல பையனுடைய சாமானையும் கையால் தொட்டுப் பார்.

இந்த மாஸ்க்கைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சியூ லிங் சொன்னபடி, வாரைத் தலைக்கு மாட்டாமல் முகத்தில் மட்டும் வைத்து மூக்கால் காற்றை இழுக்க வேண்டும், கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அது பொருந்துகிறது என்று அர்த்தம். யார் முகத்துக்கு என்று கேட்டாள். என் மகள் முகம் என் முகம்தான், இந்த மூக்கு அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது என்றேன். நீ சின்னப் பிள்ளையில் இந்த மூக்குக்காக அழுதது நினைவுக்கு வந்தது. கடையில் இருந்ததையெல்லாம் ஒன்றொன்றாக என் முகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நாசி கண்டார் சோற்றுக்கு வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எல்லாம் விழுந்தன, இது ஒன்றுதான் நின்றது. கண்ணாடியின் உள்பக்கம் பற்பசை தேய்த்துக் கழுவினால் புகை மூட்டம் பிடிக்காதாம். இந்தப் பெட்டியைக் கட்டும்போது உன் அம்மா விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள், மகள் நெற்றிக்குத் தனியாக அனுப்பு, சாமானில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். பொட்டலம் பெட்டியின் மூலையில் இருக்கிறது, பூசிக்கொண்டு போ.

முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் தெளிந்த புத்தியும் தரட்டும். நீ தண்ணீருக்கு மேலே வந்ததும் முதல் வேலையாக ஒரு சொல் அனுப்பு, கட்டைவிரல் போதும், அன்றைக்கு மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். கடைசியாக ஒன்று. அப்பா வாங்கி அனுப்பியது, சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே மாட்டிக்கொண்டு இறங்கிவிடாதே. இது நின்றது என் முகத்தில். உன் முகத்தில் வைத்து இழுத்துப் பார், விழுந்தால் என்னையும் நம்பாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா விஸ்வலிங்கம்
(அம்மா புஷ்பராணி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டாள், அவளுக்கும் சம்மதம்)