மடத்து அடுப்படிக்குப் போகாதையும்

சறோ,

நீர் அயர்ந்து நித்திரை, எழுப்ப மனம் வரேல்லை. இஞ்சை ஆசுப்பத்திரியிலை உம்மடை பிறசர்க் குளிசை முடிஞ்சுதாம். குறிகட்டுவான் துறைக்கு முதல் வள்ளத்திலை போய், யாழ்ப்பாணத்திலை தேடி வாங்கிக்கொண்டு வாறன். நேவி மறிச்சால் நாளைக்குத்தான் வருவன்.

குசினியிலை உமக்கு உப்பில்லாமல் கறி வைச்சிருக்கிறன், சப்பெண்டுதான் இருக்கும். கருவாட்டைப் பரிமளம் மச்சாளிட்டைக் குடுத்திட்டன், தேடாதையும்.

டொக்டர் உம்மடை உடம்பைப் பற்றிக் கேட்க நீர் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தீர். அதாலைதான் நான் சொன்னனான், நாப்பது வயசுக்கு முந்தியே இவவுக்கு மாதத்தீட்டு நிண்டிட்டுது எண்டு. ஆம்பிளை வாயாலை வரக்கூடாத கதை எண்டு அண்டையிலயிருந்து என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறீரில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் அவர் திரும்பவும் கையிலை கட்டிப் பிறசர் பாத்தவர். நேரத்தோடை நிண்ட பொம்பிளையளுக்குப் பிறசர் ஏறப் பாக்கும், கவனம் எண்டவர்.

நீர் அதை அம்மாள் தந்த வரம் எண்டுறீர். இனி விலக்கில்லை, திருவிழா முழுக்கக் கோயில் மடத்திலை அன்னதானத்துக்குச் சமைக்கலாம் எண்டு உமக்குச் சந்தோசம். உம்மடை அக்காவுக்கும் நேரத்தோடைதான் நிண்டது. அவவும் இப்பிடித்தான் சந்தோசப்பட்டவ.

இண்டைக்கு மடத்து அடுப்படிக்குப் போகாதையும். அம்மாள் கோவிச்சால் என்னோடை கோவிக்கட்டும்.

சிவபாதம்

இடமில்லை, ஓரத்திலை எழுதுறன். அக்கா அந்த மடத்து உலையடியிலை விழுந்து எழும்பாமலே போன அண்டைக்கு, பிடரி பாரமாய்க் கிடக்கு எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ. நேற்றுப் பின்னேரம் வேலியடியிலை நீர் மச்சாளுக்கு அதையே சொன்னது எனக்குக் கேட்டது.