மோனிஷாவுக்கு மாம்பழ பஃப்

மே 12, திங்கள்

காலையில் நூற்றெண்பது லிட்டர் வந்தது. முனிராஜ் வீட்டுப் பாலில் மட்டும் கொழுப்பு இறங்கியிருக்கிறது. தீவனம் மாற்றினாரா என்று கேட்க வேண்டும்.

பால் சங்கத்தைப் பூட்டிவிட்டு ஏழேமுக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். ஜோஸ்பின் வழக்கம்போல மகளுக்கு இட்லி அவித்து வைத்துவிட்டு ஆறரை மணி கம்பெனி வேனில் தையல் வேலைக்குப் போயிருந்தாள். மோனிஷாவின் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. "சாப்டியா பாப்பா?" என்றேன். "மூணு இட்லிப்பா" என்றாள். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனால், கழுநீர்த் தொட்டியில் மூன்று இட்லியும் ஊறிக் கிடக்கின்றன.

நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பொய் சொன்னாயா என்று பத்தொன்பது வயசுப் பெண்ணிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் கடைசிப் பரீட்சைக்குப் போனவள் கடத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தாள். ரத்தம் குறைவு, புரதச் சத்து குறைவு, எடை முப்பத்தெட்டுதான் என்றார் டாக்டர். தவக்காலத்தில் ஒருவேளைச் சாப்பாடு என்று ஆரம்பித்தது இது. அப்போது எங்களுக்குப் பெருமைதான். கோயிலில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டோம். ஈஸ்டர் போய் மூன்று வாரம் ஆகிறது. அவளுக்கு மட்டும் தவக்காலம் முடியவில்லை.

மே 13

இன்றும் தொட்டியில். தோசை.

மே 15, வியாழன்

இன்று அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒரு பெண், மாவைத் தேய்த்து, நடுவில் கெட்டித் தயிரும் பழமும் வைத்து, மடித்து, ஓவனில் வைக்கிறாள். நம் பேக்கரி பஃப் போலத்தான் இருக்கிறது. ஆனால் மைதா இல்லை, டால்டா இல்லை, சர்க்கரை இல்லை. புரதம் அதிகமாம்.

"இந்த மாதிரி இருந்தா காலையில சாப்புடுவேன்பா."

இரண்டரை மாதத்தில் அவள் வேண்டும் என்று கேட்ட முதல் சாப்பாடு. வீடியோவை நாலு தடவை ஓடவிட்டு, சங்கத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நான் இதுவரை அடுப்பில் டீயைத் தவிர எதுவும் வைத்ததில்லை.

மே 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்து முதல் முயற்சி. ஓவன் இல்லை. கேக்குக்கு ஜோஸ்பின் வைக்கிற அதே குண்டான்தான்: அடியில் உப்பைக் கொட்டி, தட்டு வைத்து, மூடி. கோதுமை மாவில் கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு, ஒரு முட்டை. தயிரை நேற்றே துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன், பனீர் மாதிரி திரண்டிருந்தது. செந்தூரா மாம்பழத்தை அடுப்பில் சுண்ட வைத்தேன்.

அடி கருகிவிட்டது. மேலே பச்சை மாவு. பழம் ஒழுகி உப்பில் விழுந்து தீய்ந்த நாற்றம். ஜோஸ்பின் ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதைத் தின்னா பல்லுக்கு வேற டாக்டரைப் பாக்கணும்" என்றாள். மோனி சிரித்தாள். அது போதும் இன்றைக்கு.

மே 20, செவ்வாய்

தீவன மூட்டைக்காக அரூர் போனவன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் மாஸ்டர் கோவிந்தனைப் பிடித்துக் கேட்டேன். அவருக்கு என் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "மாவு ஜில்லுனு இருக்கணுங்க. வெண்ணெய் கட்டியா இருக்கறப்பவே மாவுல பிசிறிடணும், கை சூடு ஏறக்கூடாது. உள்ள வெக்கற பழம் நல்லா ஆறியிருக்கணும். பிசைஞ்ச மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில போட்டுடுங்க." கோதுமை மாவு என்றதும் முகத்தைச் சுளித்தார். "அது பஃப் ஆவாதுங்க. வேற என்னமோ ஆவும். ஆனா நல்லாத்தான் இருக்கும்."

மே 25, ஞாயிறு

வந்துவிட்டது. எட்டு. சோமாஸ் போல மடித்து, ஓரத்தை முள் கரண்டியால் அழுத்தி, மேலே மஞ்சள் கரு தடவினேன். பொன்னிறம். உள்ளே தயிரும் முட்டையும் சேர்ந்து இறுகி, மாம்பழம் நடுவில் அல்வா மாதிரி நின்றது. வீடெல்லாம் வாசனை.

மோனி கையில் எடுத்துவிட்டு, "இதுல எவ்ளோ புரோட்டீன்பா?" என்றாள். நான் தயாராக இருந்தேன். எனக்குக் கணக்குதானே வேலை? பால் ஊற்றுகிறவர்களுக்குக் கொழுப்பு எவ்வளவு என்று சீட்டு கொடுப்பதுபோல, சங்கத்துச் சீட்டிலேயே எழுதி நீட்டினேன்: புரதம் ஒன்பது கிராம், கொழுப்பு இவ்வளவு, கலோரி இவ்வளவு.

சீட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முழுசாகச் சாப்பிட்டாள். ஜோஸ்பின் அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஜூன் 2, திங்கள்

எட்டு நாளாகத் தினமும் ஒன்று. தொட்டியில் எதுவும் இல்லை. சீட்டு இல்லாமல் தொட மாட்டேன் என்கிறாள். எழுதித் தருவதில் எனக்கு என்ன கஷ்டம்?

ஜூன் 5

வெண்ணெய் வேண்டாமாம். சரி, தயிரிலேயே பிசைந்துகொள்ளலாம்.

ஜூன் 9, திங்கள்

மஞ்சள் கரு வேண்டாம், வெள்ளைக் கரு மட்டும் என்றாள். மாம்பழத்தில் சர்க்கரை அதிகம், ஆப்பிள் வை என்றாள். மாம்பழம் கொட்டிக் கிடக்கிற ஊரில் ஆப்பிள் தேடி மொரப்பூர் போனேன். மாவு வறண்டு விரிகிறது, மடிப்பு நிற்கவில்லை. முன்னைவிடச் சின்னதாகச் செய்யச் சொன்னாள். சாப்பிட்டால் சரி. சாப்பிடுகிறாளே.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலில் விழுந்துவிட்டாள். நற்கருணை வாங்க வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தாள். நான் ஆண்கள் பக்கம் இருந்தேன், ஓடிப்போய்த் தூக்கினேன். தூக்கியபோதுதான் தெரிந்தது— ஒரு பால் கேன் கனம்கூட இருக்காது. நாற்பது லிட்டர் கேனைத் தினமும் தூக்குகிற கைக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

தர்மபுரியில் சேர்த்திருக்கிறோம். டிரிப் ஏறுகிறது. முப்பத்தாறு கிலோ. தினமும் சாப்பிட்டாளே, எப்படிக் குறைந்தது?

ஜூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜோஸ்பினிடம் அதைத்தான் கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"வெண்ணெய் வேணாம்னா எடுத்தீங்க. கரு வேணாம்னா எடுத்தீங்க. பழத்தையும் எடுத்தீங்க. மத்தியானமும் ராவும் அவ ஒண்ணும் திங்கறதில்ல, காலையில அதான் தின்னுட்டேனேங்கறா. அவ சொல்லச் சொல்ல நீங்களும் சேர்ந்துதாங்க அவளைக் கொறைச்சீங்க."

நான் நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சேன். சீட்டு எழுதிக் குடுத்தது தப்பா? புள்ளை சாப்புடணும்னுதானே எழுதினேன். இல்ல— நான் எழுதினதுனாலதான் அவ ஒவ்வொண்ணா வெட்டினாளா?

பொழுதுக்கும் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

நேற்று வீட்டுக்கு அனுப்பும்போது தர்மபுரி டாக்டர் சொன்னபடி, சேலத்தில் ஆலோசகர் கலைமணி மேடத்தைப் பார்த்தோம். மோனியோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இது பிடிவாதம் இல்லைங்க. நோவு. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோவு" என்றார். பிறகு, "நீங்க காலையில என்ன சாப்புடுவீங்க?" என்று கேட்டார்.

"நானா? டீ. சங்கத்துல ரெண்டு டீ."

"உங்க மனைவி?"

"அவளுக்கு வேனுக்கு நேரமாயிடுங்க."

"அப்ப அந்த வூட்டுல காலையில உக்காந்து சாப்புடற ஒரே ஆள் மோனிஷாதான். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருப்பீங்க. கையில சீட்டு வேற."

தலையைக் குனிந்துகொண்டேன். குற்றம் சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. செய்ய வேண்டியதைச் சொன்னார்: வாரம் ஒருமுறை வரவேண்டும், எடையை அவர்களே பார்ப்பார்கள், எங்களுக்கும் அவளுக்கும் சொல்ல மாட்டார்கள். மூன்று வேளை உண்டு. எதில் எவ்வளவு என்று வீட்டில் யாரும் பேசக்கூடாது. "அந்தப் பழ பஃப்பை நிறுத்த வேணாம். முதல்ல எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்யுங்க. நீங்களும் உக்காந்து அதையே சாப்புடுங்க."

திரும்பும்போது ரயிலில் மோனி ஜன்னலோரம். மொரப்பூர் வர கொஞ்ச நேரம் இருக்கும்போது, வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நாப்பது நாளும் என்னால முடிஞ்சுதுப்பா. எல்லாரும் பாதியில விட்டுட்டாங்க. நான் விடல. வேற எதுலயும் நான் அப்படி ஜெயிச்சதில்ல."

படிப்பில் அவள் சுமார்தான். பாட்டில்லை, விளையாட்டில்லை. பரவாயில்லை என்று நாங்கள் இருந்துவிட்டோம். அவளுக்குப் பரவாயில்லையா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் குளிர்ந்திருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

வெண்ணெய், முழு முட்டை, கெட்டித் தயிர், கடைசிச் செந்தூரா. எட்டு செய்து, ஆளுக்கு ஒன்றாக இரண்டு தட்டில் வைத்து எதிரே உட்கார்ந்தேன்.

"என்ன போட்டிருக்கன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன் பாப்பா."

"வெண்ணெய் போட்டியா?"

"சாப்பாடு போட்டிருக்கேன்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் என்னுடையதைத் தின்றேன். மண்ணைத் தின்பதுபோல இறங்கியது. அவள் தொடவில்லை. "நீயும் அம்மா பக்கம் போயிட்ட" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 25

தொடவில்லை.

ஜூன் 26

ஒரு ஓரம்.

ஜூன் 27

பாதி. அழுகை.

ஜூன் 28

ஒன்றும் இல்லை. டம்ளரைத் தூக்கிப் போட்டாள். நானும் கத்திவிட்டேன், செத்துத் தொலையப் போறியா என்று. கேட்கக் கூடாத வார்த்தை. சாயங்காலம் மன்னிப்புக் கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "சரிப்பா" என்றாள்.

ஜூன் 29

கால்வாசி.

ஜூன் 30, திங்கள்

மேலே எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். ஓரம், பாதி, கால்வாசி. இதுவும் சீட்டுதானே? அவளிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டு இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் என் கண் தட்டில்தான். அவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

இனி அவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று எழுதப்போவதில்லை.

ஜூலை 3, வியாழன்

காலையில் பஃப் மடிக்கும்போது பேச்சுக்கொடுத்தேன், முனிராஜ் புதுசாக வாங்கிய மாடு அவரையே முட்டித் தள்ளிய கதை. அவள் அதைக் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. எப்போது பட்டது என்று கேட்டேன். அஞ்சாவது படிக்கும்போது கைப்பம்பில் இடித்ததாம். எனக்குத் தெரியாது.

ஜூலை 13, ஞாயிறு

ஜோஸ்பினுக்கு விடுமுறை. மூவரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அவள் ஒன்றைத் தின்றுவிட்டு, "பரவால்லைங்களே, கல்யாண வூட்டுக்கே ஆர்டர் எடுக்கலாம் போல" என்றாள். எனக்குக் காது சூடானது.

மாம்பழம் முடிந்தது. இனி கொய்யா. விதையை வடிகட்டி எடுப்பதற்குள் இடுப்பு போய்விடுகிறது.

ஜூலை 22

மோசமான நாள். மூன்று நாளாகவே மோசம். கலைமணி மேடத்திடம் போனில் சொன்னேன். "ஏறி இறங்கித்தான் வருங்க. நாளைக்கும் உக்காருங்க" என்றார். உட்காருவேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தேவமாதா திருநாள். பூசை முடிந்து தேரோடு ஊர் சுற்றி வந்தோம். மோனி முழுக்க நடந்தாள். அவளோடு படிக்கிற பாஞ்சாலி திருவிழா பார்க்க வந்திருந்தாள். இருவரும் ஐஸ் வண்டிப் பக்கம் நின்றார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வாங்கினாளா இல்லையா, தெரியாது.

ஆகஸ்ட் 27

சேலம் போய் வந்தோம். மேடம் ஒன்றும் சொல்லவில்லை, அவர் சொல்லவும் கூடாது. ஆனால் அடுத்த முறை பதினைந்து நாள் கழித்து வந்தால் போதும் என்றார்.

செப்டம்பர் 11, வியாழன்

பால் லாரி வர நேரமாகிவிட்டது. நான் வீட்டுக்கு வரும்போது ஒன்பதேகால். மோனி காலேஜ் பஸ்ஸுக்குப் போயிருந்தாள். ஜோஸ்பினுக்கு இந்த வாரம் மதிய ஷிஃப்ட், வாசலில் தலை சீவிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தேன். விடியற்காலையில் நான் ஆளுக்கு ஒன்றாகச் செய்து வைத்துவிட்டுப் போன கொய்யா பஃப்பில் ஒன்றுகூட இல்லை.

"என்னுது எங்க?"

"அப்பாவுக்கு ஒண்ணு வெச்சுட்டுப் போடின்னேன். பசிக்குதும்மா, அப்பா டீ குடிச்சிருப்பாருன்னு சொல்லிட்டு நின்னுக்கிட்டே தின்னுட்டு ஓடிட்டா."

"பசிக்குதுன்னா சொன்னா?"

"ஆமாங்க. ஏன்?"

வெறும் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஜோஸ்பின் சீப்பை வைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தாள். பானையிலிருந்து பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, மோர் ஊற்றி, ரெண்டு வெங்காயம் உரித்துப் போட்டாள். எனக்கும் நல்ல பசி.

நாளைக்கு மாவு கூடப் பிசைய வேண்டும்.